வெள்ளவத்தையில் வெள்ளம் இல்லை

கோட்டையில் ரயில் மாறிக் கடலோரப் பாதையால் வந்த மருமகள், வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கியதும் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்தாள். தண்டவாளத்துக்கு அப்பால் கிடந்த கடலையும் ஒருமுறை பார்த்தாள்.

“மாமா, இஞ்சை வருசா வருசம் வெள்ளம் வாறதோ?”

“ஏனம்மா?”

“பேரிலையே கிடக்கே.”

கிளிநொச்சிப் பிள்ளை. மாரியில் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலே ‘வெள்ளம் நிக்குது’ என்று சொல்லி வளர்ந்தவள். அவள் கேட்டதில் பிழையில்லை, பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. வெள்ளவத்தையின் ‘வெள்ள’வுக்கும் தண்ணீருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சிங்களத்தில் வெலி என்றால் மணல், வெல்ல என்றால் மணற்கரை, வத்த என்றால் தோட்டம். வெல்லவத்த என்றால் மணல் தோட்டம். நூறாம் நம்பர் பஸ்ஸில் கொண்டக்டர் கூவுவதைக் கேட்டுப் பாருங்கள்: நுனிநாக்கில் வழுக்கும் மெல்லிய லகரம்தான் காதில் விழும். தமிழ் வாய்க்கு வந்தபோது அது ளகரமாகிவிட்டது. கொழும்பில் இது வழக்கமான மாற்றம். பொரெல்ல நமக்குப் பொரளை, தெஹிவல நமக்குத் தெஹிவளை. ‘த்த’ என்று முடிவது ‘த்தை’ ஆவதும் அப்படியே. ஆனால் இந்த ஒரு பெயரில் மாத்திரம் ளகரம் வந்து உட்கார்ந்ததும் அது நமக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு சொல்லாகிவிட்டது. மணல் இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தது.

கொழும்பின் மறுகோடியில் உள்ள கொட்டாஞ்சேனைக்கும் இதே கதிதான். சிங்களத்தில் கொட்டஹேன. ஹேன என்பது காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம். தமிழில் அதைச் சேனை என்போம், சேனைப் பயிர்ச்செய்கை என்று பாடப்புத்தகத்திலும் படித்திருக்கிறோம். ஆனால் சேனை என்றால் படையும்தானே. வெள்ளமில்லாத ஓர் ஊரும் படையில்லாத ஓர் ஊரும், நடுவில் காலி வீதியும் கோட்டையும். இரண்டு பொய்ச்சொற்களையும் பக்கத்தில் வைத்தால் கம்பன் நினைவுக்கு வருவான். சுக்கிரீவனின் சேனை எவ்வளவு? எழுபது வெள்ளம். கொழும்புக் கம்பன் கழகத்தின் விழா வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நடப்பது வழக்கம். அங்கே இந்த ‘எழுபது வெள்ள’த்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, ‘நிறைய’ என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே வந்து தேநீர் குடித்திருக்கிறேன். அந்த வெள்ளம் எத்தனை என்று கேட்கத் தோன்றியதில்லை. மருமகள் கேட்ட பிறகுதான் தோன்றியது.

வெள்ளம் என்பது தமிழில் ஓர் எண்ணின் பெயர், அதுவும் மிகப் பழைய பெயர். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் புணர்ச்சி விதி சொல்லும் ஓரிடத்தில், ஐ என்றும் அம் என்றும் பல் என்றும் முடியும் எண்ணுப்பெயர்கள் உண்டு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். உரைகாரர்கள் அவற்றுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உதாரணம் காட்டுவார்கள். அவர் அந்த எண்களின் அளவைச் சொல்லவில்லை, அவருக்கு அது வேண்டியதும் இல்லை. இலக்கணக்காரருக்குச் சொல் எப்படி முடிகிறது என்பதே விஷயம். பரிபாடலின் இரண்டாம் பாடல், கீரந்தையார் திருமாலைப் பாடியது, ஊழிகளின் நீளத்தைச் சொல்லும்போது நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. அங்கேயும் அளவு இல்லை.

இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நெய்தல், குவளை, ஆம்பல், தாமரை எல்லாம் நீர்ப்பூக்கள். சங்கம் கடலில் கிடைப்பது. வெள்ளம் தண்ணீரேதான். ஆயிரத்துக்கு மேலே போய்ப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது நம்மவர் குளக்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். பூத்துக் கிடக்கும் குளத்தைப் பார்க்கிறபோது, இத்தனை பூ என்று எண்ணிவிடலாம் போலவும் இருக்கும், எண்ண முடியாது போலவும் இருக்கும். வெள்ளத்தில் அந்த மயக்கமும் இல்லை. அதில் ஒன்று, இரண்டு என்று எண்ண ஒன்றுமே இல்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். தெலுங்கில் வெல்லுவ என்றால் பெருக்கு. நம்முடைய சொல், கரையை மீறியது என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. எண்ணிக்கை கரை மீறும் இடத்துக்கு அது பெயரானதில் ஆச்சரியமில்லை.

வடமொழியிலும் இதே எண்ணம் உண்டு. வால்மீகியின் யுத்தகாண்டத்தில் இராவணனுக்கு ஒற்றன் வானரப் படையின் தொகையைச் சொல்கிறான். கோடியில் தொடங்கி இலட்சம் இலட்சம் மடங்காக ஏறி, சமுத்திரத்தைத் தாண்டி, ஓகம், மகௌகம் என்று முடிக்கிறான். ஓகம் என்றாலும் வெள்ளம்தான். வழக்கமான பாடத்தின்படி கணக்கிட்டால் மகௌகம் என்பது ஒன்றுக்குப் பின்னே 62 பூச்சியங்கள். கம்பன் ஓகத்தைத் தமிழாக்கினானா, தமிழில் ஏற்கெனவே கிடந்த வெள்ளத்தை எடுத்துக்கொண்டானா என்றால், என் பக்கம் இரண்டாவதுதான். தொல்காப்பியத்து அம் ஈறு அவனுக்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது.

இதுவரை வெள்ளம் வெறும் பெயர். அதற்கு உடம்பு கொடுத்தவர்கள் உரைகாரர்கள். கம்பராமாயண உரைகளில் ஒரு வாய்பாடு காட்டுவார்கள். அது ஓர் அக்குரோணியில் தொடங்குகிறது. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது பத்தி. ஆக மொத்தம் பத்து உருப்படி. பத்தி மூன்று சேர்ந்தது சேனாமுகம். அது மூன்று சேர்ந்தது குல்மம். பிறகு கணம், வாகினி, பிருதனை, சமூ, அநீகினி வரை ஒவ்வொரு படியும் மும்மடங்கு. அநீகினி பத்துச் சேர்ந்தால் அக்குரோணி: 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 109,350 காலாள், மொத்தம் 218,700.

அந்தக் குதிரைத் தொகையை மறுபடி பாருங்கள். 65,610. இலங்கைத் தீவின் பரப்பு சதுர கிலோமீற்றரில் எவ்வளவு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்பீர்கள். அதுவும் 65,610தான். தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு எதுவும் சொன்னால் ஆபத்து. ஆனால் ஓர் அக்குரோணிக் குதிரையை இந்தத் தீவில் சதுர கிலோமீற்றருக்கு ஒன்றாகக் கட்டினால் ஒன்றும் மிஞ்சாது, ஒன்றும் குறையாது என்பதை அறிந்த நாள் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அக்குரோணிக்கு மேலே வாய்பாடு மூன்றை விட்டு எட்டுக்குத் தாவுகிறது. அக்குரோணி எட்டு ஏகம், ஏகம் எட்டு கோடி, கோடி எட்டு சங்கம். பிறகு விந்தம், குமுதம், பதுமம், நாடு, சமுத்திரம், வெள்ளம். ஒவ்வொன்றும் முன்னதைப்போல் எண்மடங்கு. ஒன்பது தடவை எட்டால் பெருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வீட்டில் கொப்பியில் போடாமல், கொட்டாஞ்சேனையில் பழக்கமான ஒரு கடையில் முதலாளியின் கல்குலேற்றரை இரவல் வாங்கிப் போட்டேன். மேசையில் வைக்கும் பெரிய கல்குலேற்றர், 12 இலக்கம் காட்டுவது. 218,700ஐ எட்டால் பெருக்கினால் ஏகம்: 1,749,600. இன்னும் எட்டு, கோடி: 13,996,800. வழக்கத்தில் உள்ள கோடியைவிட நாற்பது இலட்சம் கூட. சங்கம், விந்தம் தாண்டிக் குமுதம்: 7,166,361,600. இங்கே கொஞ்சம் நின்றேன். உலக மக்கள்தொகை எண்ணூறு கோடியைத் தொட்டது 2022 நவம்பரில் என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதாவது இன்று பூமியில் நடமாடும் அத்தனை பேரும் ஒரு குமுதமும் கொஞ்சமும். பதுமம் 57,330,892,800. நாடு 458,647,142,400. இன்னொரு தடவை எட்டை அழுத்தினேன். திரையின் ஓரத்தில் பிழைக்குறி விழுந்தது. நாடு வரை வந்த இயந்திரம் சமுத்திரத்தில் மூழ்கிவிட்டது.

“ஐயா, மெசின்ல பிழையில்லை, உங்கட கணக்குத்தான் பெரிசு” என்றார் முதலாளி.

மிச்சத்தைப் பில் துண்டின் பின்பக்கத்தில் கையால் போட்டேன். சமுத்திரம் 3,669,177,139,200. வெள்ளம் 29,353,417,113,600. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் 45 வருகிறது, ஒன்பதால் வகுபடும். அப்படியானால் பெருக்கலில் தவறு இருக்க வாய்ப்புக் குறைவு. பழைய கணக்காசிரியர்கள் சொல்லித்தந்த சோதனை. எழுபது வெள்ளம் என்றால் 2,054,739,197,952,000. அந்த வானர சேனை அத்தனையும் இலங்கையில் இறங்கியிருந்தால், காடு மலை குளம் ஒன்றும் விடாமல் நிறுத்தினாலும், சதுர மீற்றருக்கு முப்பத்தோராயிரத்துக்கு மேல் நிற்க வேண்டும். வானரத்துக்கு ஏது தேர், ஏது யானை என்று கேட்காதீர்கள். அளவுகோலை இரவல் வாங்கினால் அதில் உள்ள கீறல்களும் சேர்ந்தே வரும்.

கவிதைக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை என்று சொல்வார்கள். எனக்கும் அதுதான் அபிப்பிராயம். கம்பனின் வெள்ளம் கேட்பவனின் கண்முன்னே பெருகுவதற்காகச் சொன்னது. அதை எட்டால் ஒன்பது தடவை பெருக்கியவர்கள் அவனுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. ஆனால் எண்ணுக்கு நன்மை செய்தார்கள். எண்ண முடியாததற்கு வைத்த பெயரை எடுத்து, அதை உடைத்துப் பார்க்கக்கூடிய எண்ணாக்கிவிட்டார்கள்.

உடைத்துப் பார்ப்போம். வெள்ளத்தை இரண்டால் வகுத்துக்கொண்டே போகலாம், இருபத்தொன்பது தடவை. மூன்றால் ஏழு தடவை. ஐந்தால் இரண்டு தடவை. அவ்வளவுதான், மிஞ்சுவது ஒன்று. பதினான்கு இலக்கம் கொண்ட இந்தப் பெரிய எண்ணுக்குள் முதன்மை எண்கள் மூன்றே மூன்று: 2, 3, 5. அவை எங்கிருந்து வந்தன என்றும் தெரிகிறது. மூன்று ஏழும் பத்தியிலிருந்து அநீகினி வரை ஏறிய ஏழு படிகள். ஐந்து இரண்டும் தொடக்கத்தில் ஒரு பத்து, முடிவில் ஒரு பத்து. மிச்சமெல்லாம் எட்டுகளின் இரண்டுகள். சொல்லின் வேரைத் தேடிப்போனால் வெள்ளவத்தையில் ஏமாந்ததுபோல ஏமாறலாம். எண்ணின் வேர் ஏமாற்றுவதில்லை. அதைக் கட்டிய கொத்தனாரின் கைவரிசை அப்படியே உள்ளே கிடக்கிறது.

2, 3, 5 மட்டும் கொண்டு கட்டிய எண்களுக்குக் கணிதத்தில் தனி மதிப்பு உண்டு. அறுபதை அடியாக வைத்து எண்ணிய பாபிலோனியருக்கு இவைதான் செல்லப்பிள்ளைகள். ஒன்றை இவற்றால் வகுத்தால் அவர்களுடைய முறையில் விடை எங்காவது ஓரிடத்தில் முடிந்துவிடும், நீண்டுகொண்டே போகாது. மேலே போகப்போக இவை அரிதாகிவிடும். ஒன்றிலிருந்து ஒரு வெள்ளம் வரையுள்ள இருபத்தொன்பது டிரில்லியனுக்கு மேற்பட்ட எண்களில் இப்படிப்பட்டவை ஐயாயிரத்துக்குள்தான். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் இதற்கு நெருங்கிய கேள்வியில் கைவைத்தவர். 1913 ஜனவரியில் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, இரண்டையும் மூன்றையும் மட்டும் பெருக்கிக் கிடைக்கும் எண்கள் ஓர் எல்லைக்குள் எத்தனை இருக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதி அனுப்பினார்.

அவரே 1915இல் வேறொரு வகை எண்களைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதினார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் அவை. அதில் அவர் தந்த அட்டவணையின் கடைசி எண் 6,746,328,388,800. வெள்ளத்தின் காற்பங்குகூட இல்லை. அதற்குக் காரணிகள் 10,080. வெள்ளத்துக்கு? 30, 8, 3 ஆகியவற்றைப் பெருக்கிக்கொள்ளுங்கள்: 720. இராமானுஜனின் எண் 23 வரையுள்ள ஒன்பது முதன்மை எண்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டது. வெள்ளம் இரண்டையே திரும்பத் திரும்பத் தின்று பருத்தது. பெரிய எண்தான், ஆனால் சோம்பேறி எண்.

பெயர் பக்கம் மறுபடி வருவோம். எண்ணின் உடம்பு நிலையானது, பெயர் அப்படியல்ல. நம் உரைகாரர்களின் கோடி 13,996,800 என்று பார்த்தோம். பாரசீகத்துக்குப் போன கோடி குரூர் ஆகி, ஐந்து இலட்சமாக இளைத்துவிட்டது. 1828இல் துருக்மான்சாய் உடன்படிக்கைப்படி ஈரான் ரஷ்யாவுக்குக் கட்டிய தண்டம் பத்துக் குரூர் தொமான். கணக்கில் ஐம்பது இலட்சம். மலாய்க்காரரின் லக்ச பத்தாயிரம்தான். அவர்கள் பத்து இலட்சத்துக்குச் சொல்லும் ஜுத்தா, வடமொழியில் பத்தாயிரத்தைக் குறித்த அயுதத்திலிருந்து வந்தது. ஒன்று ஏறிற்று, ஒன்று இறங்கிற்று. ஆங்கிலேயரே 1974 வரைக்கும் அரசாங்கக் கணக்கில் பில்லியன் என்றால் இலட்சம் கோடி என்றுதான் வைத்திருந்தார்கள். பிறகு அமெரிக்கருக்கு இணங்கி நூறு கோடியாக இறக்கினார்கள். இந்த லட்சணத்தில் தமிழ்ச் செய்தியில் கோடி என்றும் மில்லியன் என்றும் மாறி மாறி எழுதிக் குழம்புவதற்காக நாம் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மணலுக்கு வராமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. வெள்ளவத்தை மணல் தோட்டமல்லவா. எண்ண முடியாததற்கு உவமையாகத் தண்ணீரைவிட மணலையே அதிகம் பேர் பிடித்துக்கொண்டார்கள். புறநானூற்றில் நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்தும்போது ஆயுளுக்கு அளவாகக் காட்டுவது பஃறுளி ஆற்று மணலை. கிரேக்கத்தில் ஆர்க்கிமிடீஸ் அதை உவமையோடு விடவில்லை. சிரக்கூசின் அரசன் கெலோனுக்கு எழுதிய மணல் கணக்கு நூலில், மணலுக்கு எண்ணில்லை என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் புறப்பட்டு, உலகம் முழுவதையும் வான்கோளம் வரை மணலால் நிரப்பினாலும் ஒன்றுக்குப் பின்னே 63 பூச்சியத்துக்கு மேல் போகாது என்று காட்டினார். அவ்வளவு பெரிய எண்களைச் சொல்லக் கிரேக்கத்தில் பெயர் இருக்கவில்லை. தானே ஒரு முறையை உண்டாக்கினார். நம்மவரிடம் பெயர்கள் குளம் நிறையக் கிடந்தன, அளவுதான் பிறகு வந்தது. வால்மீகியின் மகௌகத்துக்கும் ஆர்க்கிமிடீஸின் மணலுக்கும் நடுவே ஒரே ஒரு பூச்சியம்தான் வித்தியாசம். ஒருவர் வெள்ளம் என்றார், மற்றவர் மணல் என்றார். வெள்ளவத்தை என்ற பெயரில் தமிழும் சிங்களமும் செய்துகொண்டதும் அதேதான்.

மருமகளுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. மணல் தோட்டம் என்று மட்டும் சொன்னேன். “அப்ப மணல் எங்கை?” என்று கேட்டாள். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதற்கு அப்பால் ஒரு கீற்று மணல். அதைக் காட்டினேன்.

ஒரு வெள்ளம் என்பது நமக்கு எட்டாத அளவு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2023 முடிவில் இலங்கை மத்திய அரசின் கடன் நிலுவை ஏறக்குறைய 28.7 டிரில்லியன் ரூபா. உரைகாரர்களின் வாய்பாட்டில் அது ஒரு வெள்ளத்தில் 98 சதவீதம்.